கிரீவின் மடி

கிரே கெவோக்,
ஜூலை 12, 2019

அன்று நம் கூடத்தில் இருந்தவர்கள்: நான், ரவ்ஷே. என் இளைய மகன் ஜெமீல், இந்த ஊர்ச்சபையின் தலைவன். அவன் மனைவி கெஸால். அவர்கள் மகள் மிஸ்கீன், இனிப்புத் தட்டை ஏந்திக்கொண்டு. உன் மனைவி ஷிலான், கதவுக்கு வெளியே காதைப் பொத்திக்கொண்டு. சுன்னத்து செய்ய வந்த கிழவர் ஸிலோ. வண்டி ஓட்டும் அவ்தோ, அழைக்காமலே வந்தவன். துப்பாக்கியைக் கீழே வைக்காத அமெரிக்கப் பையன்கள் இரண்டு பேர். அவர்களுடைய கேப்டன், அந்தச் சிவந்த தாடிக்காரன், மெத்தையில் காலை மடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவன். அவன் மடியில் உன் மகன் ரோஹத். அவன் காதருகே, மொழிபெயர்ப்பாளனாக, நீ.

பேரனே சீபான், பெயர்களை எழுதிவிட்டு நலம் கேட்கிறேன் என்று கோபிக்காதே. சுன்னத்தின்போது பிள்ளையை மடியில் ஏந்தி ஒருவன் கிரீவ் ஆவதற்குச் சாட்சி வேண்டும். எனக்கு மறதி கிடையாது, ஆனால் எனக்குப் பிறகு யார் நினைவில் வைப்பார்கள்? அறுபது வயதில் பெண்கள் இல்லத்தில் எழுத்துப் படித்தது இதற்காவது உதவட்டும்.

உன் கண்கள் இரண்டையும் முத்தமிடுகிறேன். அமெரிக்கர்களின் முகாமில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? டப்பாவில் அடைத்த இறைச்சி வயிற்றுக்கு ஆகாது. குழந்தையின் புண் ஆறிவிட்டது. ஓடுகிறான்.

ஒன்று கேட்க வேண்டும். குழந்தையின் ரத்தம் அந்தக் கேப்டனின் கால்சட்டையில் விழுந்ததும் ஜெமீல் எழுந்து நின்று சொன்னான்: “இனிமே இவர் நமக்கு அந்நியர் இல்ல, கிரீவ். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ரத்தம் விழுந்தாச்சு. கூடப் பொறந்தவங்க மாதிரி, ஏழு தலைமுறைக்குப் பொண்ணு குடுக்கறதும் இல்ல, எடுக்கறதும் இல்ல. ஆபத்துன்னு வந்தா ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டறதும் இல்ல.” எல்லோரும் கைதட்டினார்கள். நீ குனிந்து அவன் காதில் சொன்னாய். ஜெமீல் பேசியது நீளம், நீ சொன்னது குட்டை. அவன் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தான். ஏழு தலைமுறைக்குக் கட்டுப்பட்டவன் சிரிக்கிற சிரிப்பா அது? படம் எடுக்க நிற்பவனின் சிரிப்பு. நீ அவனிடம் என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுது.

தொலைபேசியில் கூப்பிடாதே. இங்கே நம் கைபேசிக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கோபுரம்தான் சிக்குகிறது. துருக்கிக்காரன் காதில் என் குடும்பக் கதையை ஓத மாட்டேன். அவ்தோவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவனையும் நம்பவில்லை, உறையைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறேன். முடிச்சு இரண்டு.

உன் பாட்டி ரவ்ஷே

*

முகாம்,
ஆகஸ்ட் 2

அன்புள்ள பாட்டிக்கு, உங்கள் கைகளை முத்தமிட்டு எழுதுகிறேன். முடிச்சுகள் இரண்டும் பத்திரமாக இருந்தன. பாவம் அவ்தோ, அவனுக்குப் படிக்கவே தெரியாது.

ரத்தக் கொதிப்பு மாத்திரை அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்று. இனிப்பு வேண்டாம், நீங்கள் ஒளித்துத் தின்பது மிஸ்கீனுக்குத் தெரியும்.

கேப்டன் மிகவும் மகிழ்ந்துபோனார். ரோஹத்தை மடியில் வைத்த படத்தைத் தன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். சொல்ல வேண்டியதை அவரிடம் சொன்னேன், பாட்டி. மற்றது சித்தப்பாவுக்குத் தெரியும்.

சீக்கிரம் எல்லையில் சில வேலைகள் நடக்கும். பயப்படாதீர்கள்.

உங்கள் பேரன் சீபான்

*

கிரே கெவோக்,
ஆகஸ்ட் 29

சீபானுக்கு, உன் கண்களை முத்தமிடுகிறேன். மாத்திரை விழுங்குகிறேன். தலைச்சுற்றல் நின்றது, சந்தேகம் நிற்கவில்லை.

நீ சொன்ன ‘சில வேலைகள்’ நேற்று வந்தன. ஒரு புல்டோசர், இரண்டு அமெரிக்க வண்டி, நம் ஆட்கள் பத்துப் பேர். ஊரைச் சுற்றி நாம் வெட்டிய பதுங்குகுழிகளை நாமே மூட வேண்டுமாம். நம் வீட்டு மாதுளைக்குப் பின்னால் இருந்த குழியில்தான் முதலில் கை வைத்தார்கள். எல்லையில் சுடும் சத்தம் கேட்டால் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடி ஒளிகிற குழி. ஒரு குளிர்காலம் முழுக்க மிஸ்கீன் தன் கையால் மண் அள்ளினாள்.

நான் புல்டோசர் முன்னால் போய் நின்றேன்.

“அம்மா, நகரு. ஒப்பந்தம் போட்டாச்சு” என்றான் ஜெமீல்.

“யாருக்கும் யாருக்கும் நடுவுல?”

“அமெரிக்காக்காரனுக்கும் துருக்கிக்காரனுக்கும்.”

“குழி யாருது?”

“நம்மளுது.”

“அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நம்ம குழிய மூடறாங்களா? நல்லாருக்கே கூத்து. கல்யாணம் அவங்களுக்கு, விருந்துக்கு வெட்டற தலை நம்மளுதா?”

பையன்கள் சிரித்தார்கள். ஜெமீலும் சிரித்தான். “நம்மள பாத்து அவன் பயப்படக்கூடாதும்மா. பயம் போனா வரமாட்டான். அமெரிக்காக்காரன் நடுவுல நிக்கறேன்னு சொல்லிட்டான். அதுவும் யாரு? நம்ம கிரீவ்.”

அந்தக் கிரீவ் வண்டியிலிருந்து எனக்குக் கையை ஆட்டினான். குழி மூடி, தரை கூடம் மாதிரி சமமாகிவிட்டது. மிஸ்கீன் இரவு சாப்பிடவில்லை.

போன குளிர்காலம் நினைவிருக்கிறதா? ஒரு காலையில் அமெரிக்கர்களின் பெரியவன் தன் படையிடம் ‘எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள்’ என்றான். நாம் மூட்டை கட்டினோம். இரண்டு மாதத்தில் ‘கொஞ்சம் பேர் இருக்கட்டும்’ என்றான். நாம் மூட்டையை அவிழ்த்தோம். பெண் பார்க்க வந்து சம்பந்தம் பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் வாரம் ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கக் கூடாது.

நீ அவர்களோடு உண்டு உறங்குகிறவன். இருப்பார்களா, போவார்களா? ஒரு வார்த்தை போதும்.

பாட்டி ரவ்ஷே

*

முகாம்,
செப்டம்பர் 15

பாட்டிக்கு, உங்கள் கைகளை முத்தமிடுகிறேன். நலம்தானே? கெஸால் சித்தியின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

ரோஹத்துக்குப் பஞ்சுத் தூசியால் மூச்சுத் திணறல் என்று ஷிலான் சொல்லி அனுப்பினாள். கிழக்கு எல்லை தாண்டி, ஹவ்லேர் நகரத்தில் நல்ல மருத்துவர் இருக்கிறார். அவர்கள் இருவரையும் அழைத்துப் போக இந்த வாரம் வருவேன். அப்போது சித்தப்பாவையும் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்குக் கடிதத்தில் பதில் சொல்வது கடினம்.

சீபான்

*

கிரே கெவோக்,
செப்டம்பர் 26

சீபானுக்கு. கண்களில் ஒன்றை முத்தமிடுகிறேன். மற்றதை நேரில் பார்த்த பிறகு.

துக்க வீட்டுக்காக நான் பக்கத்து ஊருக்குப் போயிருந்த நாளைப் பார்த்து வந்தாய். நான் திரும்பியபோது உன் அறை காலி. ஷிலான் இல்லை, குழந்தை இல்லை. சரி, மருத்துவர். குளிர்காலப் போர்வையும் இல்லை. சரி, ஹவ்லேரில் குளிரும். சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. நகரச் சண்டையில் செத்த என் மூத்த மகன் ரமோவின் படம், உன் அப்பனின் படம், ஆறு வருடமாக அங்கே தொங்கியது. மூச்சுத் திணறலுக்கு மருந்து வாங்கப் போகிறவன் அப்பன் படத்தை ஏன் கழற்றிக்கொண்டு போகிறான்?

ஜெமீலைக் கேட்டேன். “உனக்கு எதுலதான் சந்தேகம் வராது? படத்துக்குக் கண்ணாடி மாத்தப் போறான்” என்றான். நீங்கள் இருவரும் பருத்திக் கொல்லையில் நின்று வெகுநேரம் பேசினீர்களாம். ஊற்றி வைத்த டீயைக்கூட வந்து குடிக்கவில்லையாம். என்ன பேச்சு என்று கேட்டால், “ஆம்பளைங்க பேச்சு” என்கிறான். கெஸால் அன்று அந்தக் கொல்லையில்தான் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டால் முதுகு வலிக்கிறது என்று படுத்துவிடுகிறாள்.

இந்த வீட்டில் எனக்குத் தெரியாத ஒன்று நடமாடுகிறது. தேளை வாசனையில் கண்டுபிடிக்கிறவள் நான். என்ன அது?

ரவ்ஷே

*

ஹவ்லேர்,
அக்டோபர் 3

பாட்டி, உங்கள் கைகளை முத்தமிடுகிறேன், இரண்டு கைகளையும்.

அவ்தோ கிளம்பிக்கொண்டிருக்கிறான், அதனால் சுருக்கமாக. ஹஸக்கே நகரத்தில் ஷிலானின் அம்மா வீட்டில் இரண்டு அறை ஒழித்துவைத்திருக்கிறார்கள். நீங்கள், சித்தி, மிஸ்கீன் மூவரும் இன்னும் கிளம்பவில்லையா? சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லையா? இந்தக் கடிதம் கிடைத்ததும் அவரிடம் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

நாளை நான் முகாமுக்குத் திரும்புகிறேன்.

சீபான்

*

கிரே கெவோக்,
அக்டோபர் 6

சீபானுக்கு.

கேட்டேன். ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டேன். “சீபான் கேக்கச் சொன்னான். எங்ககிட்ட நீ என்ன சொல்லணும்?”

ஜெமீல் என் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்தான். “குளிர்காலத்துக்கு உன்ன அவன் மாமியார் வீட்டுல வெச்சுக்கலாம்னான். வேண்டாம்னுட்டேன். வேற என்ன?”

அதுதானா விஷயம்? உன் மனைவி போனாள், மகன் போனான், அப்பன் படம் போனது, இப்போது கிழவியையும் மூட்டையோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று பார்த்தாயா? உன் மாமியார் ஸுஹேலா வீட்டு மூலையில் உட்கார்ந்து அவள் பால்கட்டியைத் தின்ன மாட்டேன். உன் கல்யாணத்தில் என் தட்டில் எலும்பு மட்டும் வைத்தவள் அவள். மிஸ்கீனுக்குப் பள்ளி திறந்துவிட்டது. கெஸாலுக்குப் பஞ்சு மிச்சம் இருக்கிறது. நாங்கள் எங்கும் வரவில்லை.

ரவ்ஷே

*

ஹஸக்கே, பள்ளிக்கூடம்,
நவம்பர் 10

சீபானுக்கு. எந்த முத்தமும் இல்லை.

நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்பு அறையில் இருக்கிறோம். ஐந்து குடும்பம். கரும்பலகையில் யாரோ போட்ட கணக்கு இன்னும் அழியவில்லை. ஸுஹேலா ஆள் அனுப்பினாள். போகவில்லை.

ஊரில் நடந்ததை உனக்கு எழுத வேண்டும். நீ அங்கே இல்லை, நன்றாகப் பார்த்துத்தான் இல்லாமல் இருந்தாய்.

போன கடிதம் எழுதியதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, மேட்டுக் காவல் இடத்திலிருந்து அமெரிக்கக் கொடி இறங்கியது. வண்டிகள் நம் வாசல் வழியாக வந்தன. ஜெமீல் சாலையில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றான். முதல் வண்டி அவனைச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டாவது வண்டியில் சிவந்த தாடிக்காரன். கண்ணாடி வழியாக நம் வீட்டுக் கதவைப் பார்த்தான், பிறகு தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டான். வண்டி நிற்கவில்லை.

“போயிட்டாங்கடா, நாமளும் போலாம்” என்றேன்.

“இடம் மாத்தறாங்கம்மா. போன குளிர்காலமும் இப்படித்தான் ஆட்டம் காட்டினாங்க. வந்துடுவாங்க.”

புதன்கிழமை மதியத்துக்குப் பிறகு விமானம் வந்தது. பிறகு குண்டுகள். கெஸால் அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள். நான் மாட்டை அவிழ்த்தேன். மிஸ்கீன் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மாதுளைக்குப் பின்னால் ஓடினாள். நாங்கள் கத்தினோம். அவள் கால் எங்கள் வார்த்தையைக் கேட்கவில்லை, பழக்கத்தைக் கேட்டது. குழி இருந்த இடத்துக்குப் போய் நின்றாள். சமமான தரை. ஒரு கணம் அங்கே சுற்றிப் பார்த்தாள், வீட்டைத் தொலைத்தவள் மாதிரி. பிறகு அந்தப் பெண்ணைக் கீழே போட்டு அவள்மேல் கவிழ்ந்து படுத்தாள்.

சின்னப் பெண் உயிரோடு இருக்கிறாள். இதே அறையில்தான் தூங்குகிறாள்.

மிஸ்கீனைத் தல் தமரில், சாலையோரக் கல்லறையில் வைத்தோம். ஊர் மண் கிடைக்கவில்லை.

அந்த அமெரிக்கர்கள் போகும்போது கமிஷ்லோவில் பெண்கள் உருளைக்கிழங்கை வீசினார்களாம். இப்போது அவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து எண்ணெய்க் கிணறுகளின் பக்கம் நிற்கிறார்களாம். எண்ணெய்க்கு யார் சுன்னத்து செய்தது? யார் மடியில் வைத்தது?

நீ எல்லாம் தெரிந்துகொண்டே போனாய். ஆணியில் தொங்கிய படத்தைக்கூடக் காப்பாற்றினாய். செத்தவனுக்கு வண்டியில் இடம் இருந்தது, மிஸ்கீனுக்கு இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். உன் ரொட்டி உனக்கு விஷமாகட்டும்.

இதை நான் உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதுகிறேன். ஜெமீல் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு கேட்கிறான். மகளைப் பறிகொடுத்தவன், அவனே உன்னைத் திட்டவில்லை. அவ்வளவு நல்லவன் அவன்.

ரவ்ஷே

*

ஹவ்லேர்,
டிசம்பர் 1

பாட்டிக்கு, நீங்கள் அனுமதித்தால் உங்கள் கைகளை முத்தமிடுகிறேன்.

நீங்கள் எழுதியதற்கு எதிராக நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, உண்மைதான். எவரும் வெளியே சொல்லவில்லை, ஆனால் முகாமுக்கு வந்த சாமான் பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தாலே போதும்.

கேப்டனைச் சபிக்காதீர்கள். மடியில் குழந்தையை வைத்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கடைசி நாள் நானே சொன்னேன். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த படத்தைக் கழற்றி, வண்டியில் ஏறும்போது கையில்தான் வைத்திருந்தார்.

மிஸ்கீனுக்கு வரைவதற்கு வண்ணப் பென்சில் வாங்கி வைத்திருந்தேன். அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கொடுங்கள்.

சித்தப்பாவைத் தனியாக விடாதீர்கள்.

சீபான்

*

ஹஸக்கே, பள்ளிக்கூடம்,
டிசம்பர் 14

என் கண்ணொளி சீபானுக்கு,

உன் வலது கண்ணை முத்தமிடுகிறேன். உன் இடது கண்ணை முத்தமிடுகிறேன். செப்டம்பரிலிருந்து கொடுக்காமல் வைத்திருந்ததையும் சேர்த்து முத்தமிடுகிறேன். நலமா? ரோஹத் என்னைக் கேட்கிறானா? எனக்கு இருமல். மற்றபடி பற்களும் கோபமும் உறுதியாக இருக்கின்றன.

உன் கடிதத்தைக் கெஸாலுக்குப் படித்துக் காட்டினேன். ‘சொல்ல எனக்கு அனுமதி இல்லை’ என்ற இடத்தில் நிறுத்தி, “அமெரிக்காக்காரன்கிட்ட நம்ம வழக்கத்தைச் சொல்ல இவனுக்கு யாரு அனுமதி குடுக்கணும்? பொய்யப் பாரு பொய்ய” என்று உன்னை மறுபடி திட்ட ஆரம்பித்தேன். கெஸால் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை மாவிலிருந்து எடுக்காமல் சொன்னாள்:

“அத்தை, போதும். அவனைத் திட்டாதீங்க.”

“ஏன்டி? பெத்தவ நீ சொல்றியா இதை?”

“அவன் வந்து சொன்னான் அத்தை. பருத்திக் கொல்லையில. நான் வரிசைக்கு நடுவுல குனிஞ்சிருந்தேன், ரெண்டு பேருக்கும் தெரியல. ‘சித்தப்பா, இவங்க நிக்கமாட்டாங்க, பொம்பளைங்களை ஹஸக்கேக்கு அனுப்புங்க’ன்னு அழுதான். பாட்டி வரட்டும், நானே சொல்லிடறேன்னான். இவரு அவன் வாயப் பொத்தினாரு.”

பிறகு முழுவதையும் சொன்னாள். ஊர்த் தலைவன் வீட்டு மெத்தை வண்டியில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் ஊரே காலியாகிவிடும் என்றானாம் ஜெமீல். “நான் சொல்லிக்கறேன், ரெண்டு நாள்ல நானே அனுப்பறேன். நீ வாயத் திறந்தா உங்கப்பன் ரமோ மேல ஆணை” என்று செத்த அண்ணன் பெயரில் உன்னைக் கட்டினானாம். நீ கிளம்பும்போது சிரித்தானாம்: “பைத்தியக்காரா, நம்ம ரத்தம் அவன் மடியில விழுந்திருக்கு. கிரீவ் எங்கடா போவான்?” கேப்டனுக்குச் சொன்னால் மடியில் வைக்க மறுத்துவிடுவான் என்று உன்னைச் சொல்லவிடாமல் செய்தவனும் ஜெமீல்தான் என்று அங்கேதான் அவளுக்குத் தெரிந்ததாம். கட்டுப்பட்டது தெரியாத ஒருவனைக் கட்டிவிட்டோம் என்று நம்பி, அந்தக் கயிற்றில் ஊரையே தொங்கவிட்டிருக்கிறான்.

கெஸாலும் வாய் திறக்கவில்லை. புருஷன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாளாம். அவளை என்ன செய்ய? இரவில் மகளின் செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள்.

நான் நேராக ஜெமீலிடம் போனேன். தாழ்வாரத்தில், உதவியாக வந்த போர்வைகளைக் குடும்பத்துக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டிருந்தான். இங்கேயும் அவன்தான் தலைவன்.

“சீபான் உங்கிட்ட சொன்னானா?”

போர்வையை மடித்தான். இன்னொன்றை எடுத்தான். “சொன்னான்.”

“நீ ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“அவன் கிரீவ்ம்மா.”

“கிரீவை விடு. தப்புக் கணக்குப் போட்டே. உன் பொண்ணு போனா, அதுக்குமேல உனக்கு நான் என்ன தண்டனை தரமுடியும்? அதைக் கேக்கல. நான் அந்தப் பிள்ளையத் திட்டி எழுதினேனே, அவன் ரொட்டி விஷமாகட்டும்னு. பக்கத்துல உக்காந்து டீ குடிச்சியே, அப்ப ஏன் சொல்லல?”

கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தான். பிறகு சின்னப் பையன் மாதிரி சொன்னான்: “அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, பிள்ளை இருக்கான், ஹவ்லேர்ல வீடு இருக்கு. நீ என்னத் திட்டினா எனக்கு யாரும்மா இருக்கா?”

நான் திரும்பி வந்துவிட்டேன். ரொட்டி சுட்டு அவனுக்கு இரண்டு எடுத்து வைத்தேன். இரவில் அவன் இருமினால் எழுந்து தண்ணீர் கொடுப்பேன். அதெல்லாம் வேறு.

இங்கே வா. ஆணை முடிந்தது, ரமோவைப் பெற்றவள் நான் அவிழ்க்கிறேன். படத்தையும் கொண்டுவா, ஆணி நான் அடித்து வைக்கிறேன். ஸுஹேலாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவள் வீட்டுக்கே போகிறோம், அவள் பால்கட்டியையும் தின்கிறேன்.

அன்று கூடத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதல் கடிதத்தில் எழுதினேன். ரோஹத் வளர்ந்து கேட்டால் இதையும் படித்துக் காட்டு. ஷிலான் கதவுக்கு வெளியே நின்றாள், அவள்மேல் ஒன்றுமில்லை. ஸிலோ தன் வேலையைச் செய்தார். அவ்தோ முடிச்சுகளை அவிழ்க்கவில்லை, சந்தேகப்பட்டதற்காக ஒரு நாள் அவனுக்கு விருந்து வைப்பேன். துப்பாக்கிப் பையன்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சிவந்த தாடிக்காரன் மடி கொடுத்தான், எதற்கென்று அவனுக்குத் தெரியாது, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனானாமே, போகட்டும். இருக்கிறேன் போகிறேன் என்று மாறி மாறிச் சொன்ன அந்தப் பெரியவன் என் கூடத்தில் உட்காரவில்லை, என் உப்பைத் தின்னவில்லை, மன்னிக்கவும் மறுக்கவும் எனக்கு அவன் யார்? கெஸாலை மன்னித்தேன். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

மன்னிப்பில்லாமல் மீதி ஒருவன். அவனுக்கு நான் பால் கொடுத்திருக்கிறேன், அவன் பெயரை நான்தான் வைத்தேன், அதை நான்தான் எழுத வேண்டும்: ஜெமீல்.